இராட்லர் ஐயரும் பெயரறியாப் பூக்களும்

சேலத்தினின்று இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையின் இருமருங்கும் உள்ள சிற்றூர்களில், ஓட்டு வீடாயினும் கூரை வீடாயினும், வாயிற்புறத்தே நான்கு முழ நிலமேனும் பூச்செடிக்கென ஒதுக்காத மனை அரிது. கலம் கழுவிய நீர் ஓடும் இடமே அத்தோட்டத்திற்குப் போதும். ஆங்கே செண்டுமல்லியும் வாடாமல்லியும், கோழிக்கொண்டையும் காசித்தும்பையும், அந்திமந்தாரையும் கனகாம்பரமும் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். இவற்றினிடையே பெயர் அறியப்படாதனவும் இரண்டொன்று எப்போதும் இருக்கும். மனைக்குரிய மூதாட்டியை வினவினால், அது பிறந்த வீட்டிலிருந்து ஒடித்துக் கொணர்ந்த கொப்பு என்பார்; அன்றேல் ஏற்காட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த உறவினர் கொடுத்த விதை என்பார். செடியின் வரலாறு தெரியும், நிறம் தெரியும், பூக்கும் மாதம் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

பெயர் இன்மை ஒரு குறையாயின், பெயர் பலவாதல் அதனினும் பெரிய குறை. நித்தியகல்யாணி என்று ஒரு மனையில் மங்கலமாக அழைக்கப்படும் பூவே அடுத்த ஊரில் சுடுகாட்டு மல்லி ஆகிவிடுகிறது. முன்னதைச் சொல்வோர் வாயிலில் வளர்ப்பர். பின்னதைச் சொல்வோர் பிடுங்கி எறிவர். செடி ஒன்றே. மடகாஸ்கர் தீவு அதன் தாயகம். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் பொருள்கள் அதனின்று 1950-களிலும் அதனை அடுத்தும் பிரித்தெடுக்கப்பட்டன. இனிக் காந்தளை நோக்குவோம். கார்த்திகைப்பூ எனவும், கலப்பைக்கிழங்கு எனவும், கண்வலிக்கிழங்கு எனவும் அது வழங்கப்படுகிறது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென்று மயங்கி அதனை உண்டு உயிர் நீத்தாரும் உளர். ஆதலின் ஒரு செடியின் பெயரைத் திட்டமாக அறிதல் வெறும் பொழுதுபோக்கு அன்று.

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கோ இதன் மறுதலையான இடர் ஒன்று உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களை யாம் மனனம் செய்கின்றோம். தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதியும் விடுகின்றோம். அவற்றுள் எத்தனையை எம் கண்களால் கண்டு இஃது இன்ன பூ எனச் சுட்டவல்லோம் என்று எண்ணுங்கால் நாணமே மிகுகின்றது. மூதாட்டியிடம் பூ இருக்கிறது, பெயர் இல்லை. எம்மிடம் பெயர் இருக்கிறது, பூ இல்லை. இவ்விரண்டனையும் ஒன்றுசேர்க்கும் முயற்சியில் ஏறத்தாழ அறுபது ஆண்டு இத்தமிழ்நாட்டில் உழைத்த பெரியார் ஒருவர் உளர். பழைய அகராதிகளைப் புரட்டியோர் அவர் பெயரை அறிவர். அவர் செடிகளையும் தொகுத்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் யோவான் பேதுரு இராட்லர் ஐயர்.

இவர் 1749-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஸ்திராஸ்பர்க்கு நகரத்தே பிறந்தார். அந்நகரம் பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. எனினும் மக்கள் வழங்கிய மொழி செருமானியமே. ஓர் அரசின் கீழும் வேறொரு மொழியின் நிழலிலும் வளர்ந்தவர்க்கு ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் உண்டென்னும் உண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிறந்த ஊரிலேயே கல்வி முடித்து, 1775-இல் தேனியர் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே, தம் இருபத்தேழாம் வயதில், தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தாய்நாட்டை விட்டு வந்த அவர் முதுமையெய்தி மறையும்வரை இந்நாட்டுப் பணியிலேயே நிலைத்தார்.

தரங்கம்பாடியின் சிறப்பை நம் கல்லூரி அன்பர்க்கு விரித்துரைத்தல் மிகை. 1620-இல் தேனியர் கோட்டை கட்டியதும், 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் அமைந்ததும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதும் யாவரும் அறிந்தனவே. பலரும் அறியாதது அவ்வூர்த் தோட்டங்களின் கதை. அலைகடலோரத்து அச்சிற்றூர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்வோர்க்கு ஒரு பாசறையாக விளங்கிற்று. மொரேவியச் சகோதரர் என்னும் சபையார் 1760-இல் அங்கு வந்து ஒரு தோட்டம் அமைத்தனர். யோன் ஐயர் என்னும் குரவர் செடிகளோடு மீன்களையும் சிப்பிகளையும் தொகுத்தார். இவர்க்கெல்லாம் முன்னோடியாக நின்றவர் கேனிக்கு என்னும் மருத்துவர்.

கேனிக்கு, சுவீடன் நாட்டு லின்னேயஸ் பெருமானிடம் நேரே பயின்ற மாணாக்கர். 1768-இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். லின்னேயஸ் என்பவர் யார் எனின், உலகத்துச் செடி ஒவ்வொன்றிற்கும் இரண்டே சொற்களால் ஆன பெயரிடும் முறையை 1753-இல் வெளியிட்ட தம் நூலால் நிலைநாட்டியவர். முதற்சொல் குடிப்பெயர் போன்றது. இரண்டாஞ்சொல் இயற்பெயர் போன்றது. இராட்லர் வந்தபோது கேனிக்கு ஆற்காட்டு நவாபின் பணியில் சேர்ந்திருந்தார். பின்னர்க் கும்பினியாரிடம் அமர்ந்து, 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஊரொன்றில் காலமானார். எனினும் தரங்கம்பாடித் தொடர்பு அறவில்லை. அவர் மூட்டிய ஆர்வத்தீ இராட்லரிடத்தும் யோனிடத்தும், அவ்வூரிலேயே பிறந்த கிளைன் என்னும் மருத்துவரிடத்தும், ஹெய்னே என்பாரிடத்தும் பற்றிக்கொண்டது.

இக்குழுவினரின் வழக்கம் ஒன்று எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. புதிய செடி ஒன்று கிடைத்தால் அதனைக் கண்டெடுத்தவரே தம் விருப்பப்படி பெயர் சூட்டிவிடுதல் இல்லை. அனைவரும் கூடி ஆராய்வர். முடிவு செய்த பெயரை எழுதி, அதனருகே இலத்தீன் மொழியில் நோபிஸ் என்று ஒரு சொல்லை இடுவர். நம்மால் என்பது அதன் கருத்து. பெயரிட்ட புகழ் எவர் ஒருவர்க்கும் தனியே உரித்தாகாது, குழுவுக்கே உரியது. தன்மைப் பன்மையில் எழுதிப் பழகிய எமக்கு இச்சொல் மிக இனிக்கின்றது. பிற்காலத்துத் தாவர நூலார்க்கு இது சிறிது தொல்லையும் தந்திருத்தல் வேண்டும். ஒரு பெயரின் பின்னே ஒருவர் பெயரைத் தேடுவோர்க்கு நம்மால் என்னும் விடை போதுமா?

இனி, பெயரறியாப் பூ ஒன்றன் பெயரை அக்காலத்து எங்ஙனம் அறிந்தனர் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். நிறத்தையும் மணத்தையும் லின்னேயஸ் நம்பவில்லை. அவை மண்ணாலும் வெயிலாலும் மாறுவன. அவர் எண்ணிக்கையை நம்பினார். பூவை மெல்லப் பிளந்து, உள்ளே உள்ள மகரந்தத் தாள்கள் எத்தனை, அவை தனித்தனி நிற்கின்றனவா கூடி நிற்கின்றனவா, சூலகத்தின் முடி எத்தனையாகப் பிரிந்துளது என்று நோக்குதலே முதற்படி. இவ்வாறு நோக்கி உலகத்துச் செடிகளை இருபத்துநான்கு வகுப்புகளாக அவர் பிரித்தார். இதனை எம் ஊர்த் தோட்டத்துப் பூக்களைக் கொண்டே எளிதில் காட்டலாம். கல்வாழைப் பூவில் மகரந்தத் தாள் ஒன்றே. மல்லிகை எத்துணை இதழ் கொண்டிருப்பினும் உள்ளே இருப்பவை இரண்டே. ஊமத்தையில் ஐந்து. ஆவிரையில் பத்து. தும்பையில் நான்கு, அவற்றுள் இரண்டு நெடியன, இரண்டு குறியன. செம்பருத்தியிலோ எண்ணிறந்த தாள்கள் ஒன்றாகக் கூடி ஒரு குழாய்போல் நீண்டு நிற்கும். செண்டுமல்லியைப் பிரித்தால் வியப்பு மிகும். நாம் ஒரு பூ என்று தலையில் சூடுவது உண்மையில் பூக்களின் கூட்டம். சிறு பூக்கள் பல ஒரு தட்டின்மேல் நெருங்கி அமர்ந்து ஒன்றுபோல் தோன்றுகின்றன.

வகுப்பு அறிந்த பின் நூலை விரித்துக் குலத்தைத் தேடுவர். குலம் அறிந்தபின் அதன் உறுப்பினர் ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் ஒப்பிடுவர். எதனோடும் ஒவ்வாதாயின் அது நூலோர் அறியாத புதுச்செடி ஆகலாம். இஃது எழுத்தெண்ணிச் சீரும் தளையும் கண்டு பாவின் வகை துணிதலைப் போன்றது என்று கூறின், எம் வகுப்பு நண்பர் எளிதின் உணர்வர். ஒரு வேற்றுமை உண்டு. செய்யுள் ஏட்டில் கிடக்கும்; பூவோ மாலைக்குள் வாடிவிடும். ஆகவே செடியைப் பூவொடும் காயொடும் பறித்துத் தாளிடையே வைத்து அழுத்தி, ஈரத்தாளை நாடோறும் மாற்றி உலர்த்துதல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் தரங்கம்பாடிக் கடற்காற்று வீசுகையில் தாள் உலர்வதே அருமை. பூஞ்சணம் ஒருபுறம், கறையான் ஒருபுறம், இராமபாணப் பூச்சி ஒருபுறம். ஏட்டுச் சுவடிகளைக் காத்த நம் முன்னோர் பட்ட பாட்டை இச்செடித்தாள்களைக் காத்தவர்களும் பட்டனர்.

அங்ஙனம் காத்த செடிகளை இராட்லர் ஐரோப்பாவிலுள்ள அறிஞர்களுக்கு விடுத்தார். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லுதற்கு மாதங்கள் பல ஆகும். விடை வருதற்கு மேலும் அத்துணைக் காலம் ஆகும். ஒரு பூவின் பெயர்க்காக ஓராண்டுக்கு மேல் காத்திருத்தல் அக்காலத்து இயல்பு. படத்தைக் காட்டிய நொடியில் பெயர் கூறும் கைப்பேசி வைத்திருக்கும் நமக்கு இது விளங்குதல் கடினம். அக்கருவி கூறும் பெயரை உடனே நம்பிவிடுகின்றோம். அவர்களோ ஓராண்டு காத்துப் பெற்ற பெயரையும் மீண்டும் பூவோடு வைத்து ஒப்பிட்டனர்.

இராட்லரின் உழைப்புள் தனித்துக் குறிக்கத்தக்கது 1799-1800-இல் அவர் தரங்கம்பாடியினின்று சென்னைக்குச் சென்று மீண்ட பயணம். சோழமண்டலக் கரையை ஒட்டிய அவ்வழியில் தாம் கண்ட செடிகளை ஊர்தோறும் நாள்தோறும் குறித்துவந்தார். வேறு வேலையாகச் செல்வோர் வண்டியில் உறங்கும் நேரத்தில் இவர் வழியோரத்துப் புதர்களை நோக்கினார் எனலாம். அக்குறிப்புகள் பெர்லின் நகரத்து வில்தெனோ என்னும் பேரறிஞரின் விளக்கங்களோடு 1803-இல் செருமானிய மொழியில் அச்சாயின. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய மாத்யு அடிகளார் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, விளக்கமும் வழிப்படமும் சேர்த்து 1993-இல் வெளியிட்டார். எழுதிய ஒரு நூற்றாண்டு அன்று, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு கழித்து, எந்த ஊரருகே எந்தச் செடி அன்று நின்றது என்று நாம் அறிய முடிகின்றது. அவ்விடங்களில் இன்று அச்செடிகள் நிற்கின்றனவா என்று சென்று பார்ப்பதும் இயலும். இதனினும் சிறந்த பயன் ஒரு நாட்குறிப்பிற்கு வேறு யாது?

எம் சேலம் நாட்டு நிலை அக்காலத்து வேறு. திப்பு சுல்தானோடு 1792-இல் செய்த உடன்படிக்கையால்தான் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. கடற்கரை ஊர்களின் பூக்கள் பெர்லினுக்குப் பயணம் சென்றுகொண்டிருந்தபோது, கொங்குநாட்டு வீட்டுத் தோட்டங்கள் தம் பெயர்களைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தன.

ஹ்யூ கிளெகார்ன் என்னும் பிரித்தானிய அதிகாரியோடு இராட்லர் இலங்கைக்கும் சென்று அங்கும் செடிகளைத் தொகுத்தார். 1803-இல் சென்னை வேப்பேரி மிஷனின் கெரிக்கே ஐயர் காலமாகவே, அப்பணியின் சுமை இராட்லர்மேல் வந்தது. தரங்கம்பாடியில் இருந்த ஆண்டுகளினும் மிகுதியான ஆண்டுகளை அவர் வேப்பேரியிலேயே கழித்தார். பள்ளிகள், ஆதரவற்ற பெண்மக்கள் இல்லம், தமிழ்ச் சபை, ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைத் தமிழாக்கல் என ஓய்வின்றி உழைத்தார். இவற்றை இங்குச் சுருங்கக் கூறியதனால் இவை சிறியன என்று எவரும் கொள்ளற்க. அவர் தம்மைக் குரவர் என்றே கருதினார். தாவர ஆராய்ச்சி எஞ்சிய நேரத்து வேலை. எஞ்சிய நேரத்து வேலையே இத்துணை என்பதுதான் எம்மை வியப்பில் ஆழ்த்துவது.

முதுமையில் அவர் மேற்கொண்ட பெரும்பணி தமிழ்-ஆங்கில அகராதி. இதற்கு முன்னரே, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1761-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்து, அதில் பப்ரிசியுஸ் ஐயரின் அகராதி 1779-இல் அச்சாகியிருந்தது. அடிகோலியவர் அவர்; அதன்மேல் பெருமாளிகை எழுப்ப முனைந்தவர் இராட்லர். சொல்லைத் தொகுத்தலும் செடியைத் தொகுத்தலும் ஒரே கையின் வேலை என்பது அந்நூலைப் புரட்டுவார்க்கு விளங்கும். பிற அகராதிகளில் ஒரு செடிப்பெயரின் எதிரே ஒரு மரம், ஒரு பூ, ஒருவகைப் பூண்டு என்று மட்டும் கூறிக் கைவிடும் இடங்களை யாம் பலகாலும் கண்டு சலித்திருக்கின்றோம். நிகண்டு பயின்றோர்க்கு அச்சலிப்பு புதிதன்று. இராட்லரோ, தமிழ்ப்பெயரை எழுதி, அருகே லின்னேயஸ் முறையிலான இலத்தீன் பெயரையும் எழுதினார். அப்பெயர் வந்தவுடன் ஐயம் நீங்கிவிடுகின்றது. இன்ன பூ இன்ன பெயர் என்று உலகின் எம்மூலையில் இருப்பவரும் தெளியலாம். அதற்கு முன்னே, அச்செடியைப் பறித்துப் பிளந்து எண்ணி உலர்த்திய ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். வெறும் சொல்லறிஞரால் இஃது இயலாது; வெறும் தாவர அறிஞராலும் இயலாது.

அகராதியின் முதற்பகுதி 1834-இல் வேப்பேரியில் வெளிவந்தது. அதே ஆண்டில், தென்னிந்தியச் செடிகளைத் தொகுத்துரைக்கும் வைட், ஆர்னட் என்பாரின் பெருநூலின் முதற்பகுதி இலண்டனில் வெளியாயிற்று. இராட்லர்க்கு அப்போது வயது எண்பத்தைந்து. முழு நூலையும் காண அவர் வாழ்நாள் இடந்தரவில்லை. 1836-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் வேப்பேரியில் காலமானார். எஞ்சிய பகுதிகளை டெய்லர் ஐயரும் வேங்கடாசல முதலியாரும் திருத்திச் செப்பனிட, 1841-இல் நூல் நிறைவெய்தியது. பின்வந்த விஞ்சுலோ ஐயரின் 1862-ஆம் ஆண்டுப் பேரகராதியும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியும் இவ்வரிசையில் வருவன. இன்று பல்கலைக்கழக அகராதியில் செடிப்பெயர் ஒன்றைத் தேடி அதன் தாவரவியற் பெயரைக் காணும் மாணவர், அம்மரபைத் தொடங்கிவைத்த முதியவர் ஒருவர் வேப்பேரியில் இருந்தார் என்பதை நினைத்தல் தகும்.

ஈண்டு எம் மனத்து உறுத்தும் ஒன்றையும் மறையாது கூறுவோம். ஒரு செடிக்குத் தமிழில் இன்ன பெயர் என்பதை இராட்லர் நூலில் கற்றாரல்லர். வைத்தியரிடமும், மாடு மேய்ப்பாரிடமும், கீரை பறிக்கும் மகளிரிடமும், தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரிடமும் கேட்டே அறிந்திருத்தல் வேண்டும். நோபிஸ் என்னும் அழகிய சொல்லின் எல்லைக்குள் அவர்கள் அடங்கினரா? செடிகளின் பின்னே அச்சில் நிற்பவை கேனிக்கும் கிளைனும் இராட்லரும் வில்தெனோவுமாகிய ஐரோப்பியப் பெயர்களே. அகராதியின் முகப்பில் வேங்கடாசல முதலியார் பெயர் பொறிக்கப்பட்டது ஆறுதல். வைட் என்பார் தம் படங்களை எழுதிய ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்களின் பெயரை மறைக்காமல் போற்றி, ஆர்க்கிட் குலம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டியதும் நினைக்கத்தக்கது. அந்நன்றி இன்னும் பலர்க்குக் கிட்டியிருக்கலாம். இக்குறையை இராட்லர் ஒருவர்மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று. அக்காலத்து வழக்கு அது. வழக்கு என்பதனால் குறை இல்லையென்றும் ஆகாது.

இராட்லர்க்கும் ஒரு செடிக்குலத்தின் பெயர் சூட்டப்பட்டது. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வளரும் கபிலமரத்தை எம் ஊரார் சிலர் அறிவர். அதன் காயின்மேல் படிந்த செம்பொடி, கபிலப்பொடி என்று வழங்கும். பட்டுக்குச் சாயம் ஏற்றவும் வயிற்றுப் புழுவை நீக்கவும் பயன்பட்டது. இம்மரத்தை ராக்ஸ்பரோ என்னும் அறிஞர் 1798-இல் ராட்லெரா எனப் பெயரிட்டு வெளியிட்டார். நெடுங்காலம் மருந்து நூல்களிலும் அப்பெயர் நின்றது. ஆனால் தாவரப் பெயர்களுக்கு ஒரு நெறி உண்டு: முதலில் வெளியான பெயரே நிற்கும். போர்ச்சுகீசிய அறிஞர் ஒருவர் 1790-லேயே அக்குலத்திற்கு மல்லோட்டஸ் என்று பெயரிட்டிருந்தமை தெளிவாகவே, ராட்லெரா விலக்கப்பட்டது. எட்டாண்டு முந்திய பெயர் வென்றது. பிறபூக்களுக்கெல்லாம் நிலைத்த பெயரைத் தேடிக் கொடுத்தவரின் பெயர், தமக்கென இடப்பட்ட மரத்தில் நிலைக்கவில்லை.

அவர் தொகுத்த உலர்செடிகளோ நிலைத்தன. அவை இலண்டன் கிங்ஸ் கல்லூரியை அடைந்து, 1870-களில் கியூ தாவரத் தோட்டத்துக் காப்பகத்திற்கு மாற்றப்பெற்றன. தரங்கம்பாடிக் கடற்காற்றில் உலர்ந்த பூ இன்றும் ஆங்கே தாளில் ஒட்டிக் கிடக்கின்றது. ஐயம் எழுந்தால் அறிஞர் அதனை எடுத்துப் பார்க்கின்றனர்.

எம் சேலம் நாமக்கல் சமவெளிக்கும் இத்தகைய பணி ஓரளவு நிறைவேறியுளது. முன்னர்க் குறித்த மாத்யு அடிகளார் 1980-களில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் எம் வட்டாரத்தையும் அடக்கியது. காட்டுச்செடியின் பெயர் வேண்டுவோர்க்கு அந்நூல் உண்டு. வீட்டு வாயிற் செடிகளுக்கு மூதாட்டிமார் வழங்கும் பெயர்களைத் தொகுத்தல் வேறு வேலை. அவை ஊர்க்கொன்றாய், சிலபோது தெருவுக்கொன்றாய்க் கிடக்கின்றன. அவற்றைச் சொல்வார் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். தமிழ் மாணவரும் தாவரவியல் மாணவரும் கூடி விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒவ்வொருவரும் பத்துப் பூக்களைத் தாளிடை உலர்த்தி, ஊர்ப்பெயர், சொன்னவர் பெயர், நாள், பூக்கும் பருவம் ஆகியவற்றை எழுதிக் கொணர்ந்தால், ஈராண்டில் நம் கல்லூரிக்கே ஒரு தொகுதி அமைந்துவிடும். சொன்னவர் பெயர் என்பதை மறவாது எழுதுதல் வேண்டும் என்பது எம் பிடிவாதம். இது பற்றித் தாவரவியல் பேராசிரியர்களிடம் பேசியிருக்கின்றோம். பழைய செய்தித்தாள்களும் இரண்டு மரப்பலகைகளும் தர இசைந்துள்ளனர்.

முதலில் சேர்க்க எண்ணியிருப்பது தோட்டப்பூ அன்று. நெல் அறுத்த வயலிலும், கோடையில் நீர் வற்றிய ஏரிப்படுகையிலும், ஏனைய பசுமையெல்லாம் காய்ந்தபின் நிற்கும் சாம்பல்நிறப் பூண்டு ஒன்று உளது. இலை சுருங்கி மயிரடர்ந்து இருக்கும். பூ மிகச் சிறியது. ஆடு மேய்ப்போர் அதனை மிதித்துக் கடந்து செல்வர். தாவர நூலில் அதற்குக் குரோசோபோரா ராட்லெரி என்று பெயர். இரண்டாஞ்சொல் இராட்லர் ஐயரின் பெயரே. மரத்தில் நில்லாத பெயர் இப்பூண்டில் நின்றுவிட்டது. வரும் சித்திரையில் ஏரி வற்றியதும், அதனை நம் ஊரார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்று ஆட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக் கொணர்வோம்.